ஏழாம் நம்பர் பேட்ஜ்

செங்கல்பட்டு
12-1-1975

தணிகைவேலுக்கு,

பதினெட்டு வருஷமாக நான் உனக்கு ஒரு கார்டுகூடப் போட்டதில்லை. இப்போது எழுதுவதும் பாசத்தால் அல்ல. அதை முதலிலேயே தெரிந்துகொள்.

நேற்று நீ செய்தது என்ன? வருஷாவருஷம் ஜனவரி மாதம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் வருகிறேன். பஸ்ஸிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்ததும் நீ கலங்கரை விளக்கத்துப் பக்கம் போய்விடுவாய். நாம் பேசி வைத்துக்கொண்டதில்லை, ஆனாலும் அதுதான் ஏற்பாடு. அந்த அளவுக்காவது உனக்குப் புத்தி இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இந்த வருஷம் எங்கள் தலைமையாசிரியை அம்மாவும் கூட வந்த நாளாகப் பார்த்து, பெல்பாட்டமும் எண்ணெய் வழியும் கிருதாவுமாக ஐந்து ரதத்துக்கு முன்னால் வந்து நிற்கிறாய்.

நான் பிள்ளைகளுக்கு நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ குறுக்கே புகுந்து, ‘இதோ பாருங்க பாப்பா, வரிசையா கீற இந்த நாலும் ஒரே பாறையில பொறந்தது. ஒரே வவுத்துப் புள்ளைங்க. ஆனா ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாக்காம நின்னுகினு கீது பாரு. பெரிய எடத்து சமாச்சாரம்’ என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். அறுபத்திரண்டு பிள்ளைகளும் சிரித்தார்கள். ‘யாரப்பா நீ, உன்னை யார் கூப்பிட்டது?’ என்று கேட்டேன். வேறென்ன கேட்பது? அதற்குள் முன்வரிசையில் நின்ற வசந்தா என்ற வாயாடி, ‘டீச்சர், அவருக்கு அப்படியே உங்க மூக்கு’ என்றாள். மூக்கு எல்லோருக்கும்தான் இருக்கிறது என்று சொல்லி அவளை அடக்கினேன். தலைமையாசிரியை அம்மா உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒரே வயிறு, ஒரே முகம் என்றெல்லாம் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? கடலுக்கடியில் ஆறு கோயில், அதில் இன்னும் விளக்கு எரிகிறது என்று வெள்ளைக்காரர்களிடம் புளுகுகிறாயாமே, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது நீயா? எழுத்தில் இருப்பதுதான் சரித்திரம். மற்றதெல்லாம் டீக்கடைப் பேச்சு. என் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான்.

கடைசியாக ஒரு செய்தி. உனக்குத் தெரிந்திருக்கும், தெரியாதது போல் இருப்பாய். வருகிற மார்ச்சில் கைடுகளுக்கெல்லாம் தேர்வு வைத்து பேட்ஜ் கொடுக்கப் போகிறார்கள். பேட்ஜ் இல்லாதவன் வேலிக்குள் நின்று பயணிகளிடம் வாய் திறக்கக் கூடாது. குழுவில் மூன்று பேர். சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியர் என்று என்னைப் போட்டிருக்கிறார்கள். வாய்ச்சவடாலுக்கு நான் மார்க் போடுவதில்லை.

ஜெகதாம்பாள்


மகாபலிபுரம்
20-1-1975

உயர்திரு ஜெகதாம்பாள், பி.ஏ., பி.டி. அவர்கள் சமுகத்துக்கு, ஒன்பதாம் வகுப்பு பெயிலான கைடு தணிகைவேல் எழுதிக்கொண்டது.

கடிதம் வந்தது. என் மகள் கலாதான் தபால்காரரிடமிருந்து வாங்கினாள். ‘யாருப்பா ஜெகதாம்பாள்?’ என்று கேட்டாள். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருத்தர், சரித்திரத்தில் சந்தேகம் கேட்டு எழுதியிருக்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

உங்கள் சரித்திரச் சுற்றுலாவைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். பத்து மணிக்கு வந்து இறங்குகிறீர்கள். இரண்டு மணிக்குக் கிளம்புகிறீர்கள். நடுவில் உள்ள நாலு மணி நேரத்தில் தலையை எண்ணுவதற்கு ஒரு மணி, புளிசாதப் பொட்டலத்துக்கு ஒரு மணி, வெண்ணெய் உருண்டைப் பாறையை முட்டுக்கொடுத்துத் தாங்குவது போல் போட்டோ எடுக்க அரை மணி. மிச்ச நேரத்தில் டீச்சரம்மா கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்து நிற்பார். பிள்ளைகள் குனிந்து நோட்டைப் பார்த்து நிற்பார்கள். கல்லை யார் பார்த்தது? ஆடு மேய்க்கிறவன்கூட உங்களை விட அதிக நேரம் பார்க்கிறான், வேண்டாம் என்றாலும் அவன் கண்ணில் படுகிறது.

அர்ச்சுனன் தபசில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. அது எந்தக் காலத்து மான் என்று கேட்டால் நீங்கள் வருஷத்தோடு சொல்வீர்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிப்பீர்கள். கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கிறவனை விட்டுவிட்டுக் கன்றை நக்குகிறதே பசு, அதன் கண்ணைப் பார்த்ததுண்டா? பதினேழு ஜனவரியும் நான் கலங்கரை விளக்கத்தடியில் நின்று உங்களைப் பார்த்தேன். ஒரு தடவைகூட நீங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்தத் தடவை பொறுக்கவில்லை, வந்தேன். ‘யாரப்பா நீ’ என்று கேட்டீர்கள். நான் ‘கைடு, டீச்சரம்மா’ என்றேன். அதை உங்கள் கடிதத்தில் ஏன் விட்டுவிட்டீர்கள்? உங்களைக் காட்டிக்கொடுக்காமல்தானே பதில் சொன்னேன்?

ஆமாம், கடலுக்கடியில் ஆறு கோயில் என்று சொல்கிறேன். விளக்கு எரிகிறது என்றும் சொல்கிறேன். இங்கே வருகிறவனுக்கு வேண்டியது அதுதான். வருஷக்கணக்குச் சொன்னால் கொட்டாவி விடுகிறான். இல்லாததைச் சொன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்கிறான். அவனுக்கும் அறிவில்லை, உங்களுக்கும் பார்வையில்லை, நடுவில் நான் பிழைக்கிறேன்.

அந்தப் பிழைப்புத்தான் இப்போது உங்கள் கையில். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. மாமனார் எல்லப்பன் என்னைப் பலமுறை கட்டுமரத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டார். அலை தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும். குப்பமே கரையில் நின்று சிரிக்கும். நிலமோ அப்பா எனக்கு ஒரு சாண் வைக்கவில்லை. பேட்ஜ் இல்லையென்றால் என் சம்சாரம் கண்ணகி மீன் கூடை சுமந்து என்னையும் இரண்டு பெண்களையும் காப்பாற்ற வேண்டும். தயவு வேண்டாம். கேள்வியைக் கல்லுக்கு முன்னால் நிற்க வைத்துக் கேளுங்கள், அது போதும்.

தணிகைவேல்


செங்கல்பட்டு
27-1-1975

தணிகைவேலுக்கு,

வாய்மொழித் தேர்வு சிற்பங்களின் முன்னால்தான் நடக்கும். நீ கேட்டதற்காக அல்ல, குழுவின் தலைவராக இருக்கும் அதிகாரி முன்பே அப்படி முடிவு செய்துவிட்டார்.

நிலம் கொடுக்கவில்லை என்று அப்பாவைச் சொல்கிறாய். ஐம்பத்தேழாம் வருஷம் தை மாதம் மதுராந்தகத்திலிருந்து என்னைப் பெண் பார்த்துப் போனார்கள். பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த புதன்கிழமை தட்டு மாற்றுவதாகப் பேச்சு. செவ்வாய்க்கிழமை நீ திருப்போரூர் கோயிலில் கண்ணகிக்கு மாலை போட்டாய். ஒரு நாள், தணிகைவேலு. ஒரு நாள் பொறுத்திருந்தால் என் தட்டு மாறியிருக்கும். ‘கரைக்காரங்க வூட்ல சம்பந்தம் பண்ண குடும்பத்துல நாங்க கை நனைக்க மாட்டோம்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு எவரும் வரவில்லை. அப்பா சாகும்வரை வீட்டில் உன் பெயரை உச்சரிக்கவில்லை. நான் மட்டும் எதற்கு உச்சரிக்க வேண்டும்?

விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி, தேர்வுக் குழுவினர் எவருக்காவது நீ உறவினனா என்பது. ‘இல்லை’ என்று எழுது. நானும் விண்ணப்பதாரர் எவரும் எனக்கு உறவினர் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பொய் சொல்ல வைக்கிறேன் என்று நினைக்காதே. என்னைப் பொறுத்தவரை அது உண்மை.

தேர்வன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வா. கிருதாவை எடு. எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் இதே அறிவுரைதான்.

ஜெ.


மகாபலிபுரம்
17-3-1975

உயர்திரு டீச்சரம்மா அவர்களுக்கு,

பதினொரு பேரில் ஏழு பேர் பாஸ். நான் ஏழாவது. பேட்ஜ் பித்தளையில் இருக்கிறது. கலா அதைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து நம்பரே அழிந்துவிடும் போலிருக்கிறது. கண்ணகி அதை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினாள். இவ்வளவு பெரிய பதவி எனக்குக் கிடைத்ததற்கு முதல் காரணம் கிருதாவை எடுத்ததுதான் என்று ஊரில் பேச்சு.

உங்கள் கேள்விகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘தர்மராஜ ரதத்தைச் செய்தவர் யார், ஆதாரம் என்ன?’ என்று கேட்டீர்கள், என்னமோ நான்தான் அதைத் திருடி ஒளித்து வைத்திருப்பது போல. மேலே பேர் பேராக எழுத்து இருக்கிறது, அதை வைத்து முதலாம் நரசிம்மவர்மன் என்று சிலரும் பின்னால் வந்தவன் என்று சிலரும் சொல்கிறார்கள், படித்தவர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்துப்போகவில்லை என்றேன். உங்கள் முகத்தில் ஈயாடவில்லை. மீன்காரக் குப்பத்தில் ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு ஒருத்தன் புத்தகம் படிப்பான் என்று எதிர்பார்க்கவில்லை அல்லவா?

அப்புறம் அந்தப் பெரிய பாறை, அர்ச்சுனன் தபசா, கங்கை இறங்குவதா என்றீர்கள். ‘ரெண்டு கட்சியும் சண்ட போட்டுகினே கீறாங்க. அவங்க முடிவு பண்ற வரைக்கும் இந்த மான் மூக்க சொறிஞ்சிகினு கீது, பாருங்கம்மா’ என்று கையைக் காட்டினேன். குழுவில் மூன்றாவது ஆளான ரிட்டயரான பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தீர்கள். பார்த்தது எனக்குத் தெரியும். நான் அடுத்த கேள்விக்குக் காத்துக்கொண்டு நின்றேன், நீங்கள் மானைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

மதுராந்தகத்து மாப்பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த ஆள் இன்றைக்கும் மதுராந்தகத்தில்தான் அரிசி மண்டி வைத்திருக்கிறான். போன வருஷம் குடும்பத்தோடு இங்கே வந்தான். நான்தான் சுற்றிக் காட்டினேன், என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கடற்கரைக் கோயிலில் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, ‘இன்னாபா, கல்லா கீது, வேற ஒண்ணும் இல்லியா?’ என்று கேட்டான். அவனுக்கு ஆக்கிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியவர் பி.ஏ., பி.டி. டீச்சராக இருக்கிறார். அதற்கு எனக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஒரு நாளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எனக்குப் புதன்கிழமை என்று தெரியாது. வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

கண்ணகி என்னமோ கொடுத்தனுப்ப வேண்டும் என்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேட்பாளா தெரியாது.

தணிகைவேல்
கைடு, நம்பர் 7


செங்கல்பட்டு
25-3-1975

தணிகைவேலுக்கு,

உன் மனைவிக்கு மூளை என்று ஒன்று இருந்தால் அதைக் கடற்கரையில் உப்புப் போட்டுக் காய வைத்திருக்கிறாளா என்று கேட்டுச் சொல்.

நேற்று மதியம் ஆசிரியைகள் அறையில் பதினான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். செல்வராஜ் என்று ஒரு பஸ் கண்டக்டர் பனையோலைக் கூடையோடு நேரே உள்ளே வந்துவிட்டான். ‘ஜெகதாம்பா டீச்சரு யாரு? மாபலிபுரத்திலேந்து உங்க தம்பி சம்சாரம் குடுத்தனுச்சி. முதல் தரமான வாள கருவாடு. வாசனையே சொல்து பாருங்க’ என்று அறை நடுவில் வைத்துவிட்டு நிற்கிறான். கூடைமேல் நோட்டுத் தாளில் குழந்தைக் கையெழுத்தில் ‘நாத்தனார் ஜெகதாம்பாள் டீச்சருக்கு’ என்று எழுதிக் கட்டியிருக்கிறது. எல்லோரும் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படித்தார்கள்.

எனக்குத் தம்பி கிடையாது, விலாசம் தவறி வந்திருக்கிறது என்று சொன்னேன். அந்தக் கண்டக்டர் என் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான். கூடையை ஆயா எல்லம்மாளிடம் கொடுத்துவிட்டேன். மூன்று நாளைக்கு அந்த அறையில் உட்கார முடியாது.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு தாளில் ‘உறவு இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னொரு தாளில் ‘நாத்தனார்’ என்று எழுதிப் பஸ்ஸில் அனுப்புகிற குடும்பம் உலகத்தில் உன்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும். இனிமேல் எதுவும் அனுப்பாதீர்கள். எழுதாதே.

ஜெகதாம்பாள்


மகாபலிபுரம்
9-4-1975

டீச்சரம்மாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுத வேண்டியதாகிவிட்டது.

அந்தக் கண்டக்டர் செல்வராஜ், எங்கள் கூடவே தேர்வு எழுதி பெயிலான கைடு வரதனுக்கு மச்சான். வரதன் யார் என்று கேட்டால், ஐந்து ரதத்தையும் பஞ்சபாண்டவர்கள் குடியிருந்த வீடு என்று சொல்லி, சமையல்கட்டு எது என்றும் காட்டுகிறவன். அவன் மனுப் போட்டிருக்கிறான். தேர்வு வைத்த டீச்சர் ஏழாம் நம்பருக்குச் சொந்த அக்காள், இரண்டு பேரும் மறைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று. சாட்சிக்குக் கூடையில் கட்டியிருந்த தாளையும் வைத்திருக்கிறான். எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். உங்கள் ஆயா எல்லம்மாள் அதை மடித்துத் தூக்கிப் போட்டிருப்பாள், செல்வராஜ் பொறுக்கியிருப்பான்.

கண்ணகி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ‘நல்லது நடந்துகீது, நாத்தனாருக்கு வாய்க்கு ருசியா ஒண்ணு குடுத்தனுப்பணும்னு நெனச்சேன். பதினெட்டு வருசத்துல அதுக்கு ஒரு சாக்கு கெடைக்கலியே. அது தப்பாய்யா?’ என்று அழுகிறாள். தப்புத்தான் என்றேன்.

இருபத்தோராம் தேதி விசாரணை. அதிகாரி என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர். ‘கூடையும் தாளும் ஒரு சாட்சியா? அந்த அம்மா அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியை. அவங்க கைப்பட உறவு இல்லைன்னு ஒரு வரி எழுதி அனுப்பட்டும், மனுவை மூடிடறேன்’ என்றார். உறவு உண்டு என்றால் பேட்ஜ் போய்விடும். ஒரு வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பம் போட முடியாது. உங்களுக்கும் குழுவிலிருந்து பேர் நீக்கி, பள்ளிக்கூடத்துக்கு ரிப்போர்ட் போகும்.

நான் என் பங்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாளை வருஷத்துக்கு ஒரு நாள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், வேறு பழக்கம் இல்லை என்று. எழுதும்போது பார்த்தால் அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் புதிதில்லை. பதினெட்டு வருஷமாகச் சும்மா சொன்னதுதானே. அறுபத்திரண்டு பிள்ளைகள் முன்னால் சொன்னீர்கள், பதினான்கு டீச்சர்கள் முன்னால் சொன்னீர்கள். அப்போதெல்லாம் எனக்கு அதனால் ஒரு உபயோகமும் இருந்ததில்லை. இந்த ஒரு தடவை அதே வார்த்தையைத் தாளில் எழுதிவிடுங்கள். என் வீட்டில் அடுப்பு எரியும்.

தணிகைவேல்


செங்கல்பட்டு
16-4-1975

தணிகைவேலுக்கு,

ஐந்து நாளாக எழுதிப் பார்க்கிறேன். ‘தணிகைவேல் என்பவர் எனக்கு எந்த வகையிலும்’ என்பது வரை வருகிறது. ஒன்பது தாள் கிழித்தாகிவிட்டது.

நீ சிரிப்பாய். சிரி. உன்னைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் கூசியதே இல்லை. சொன்னதும் காற்றோடு போய்விடும் என்று ஒரு தைரியம். உறவினர் எவரும் இல்லை என்று முன்பே கையெழுத்துப் போட்டேனே என்பாய். அது அச்சடித்த தாள், உன் பெயர் அதில் இல்லை. இது அப்படியில்லை. உன் பெயரையும் என் பெயரையும் நானே என் கையால் எழுதி நடுவில் ‘இல்லை’ என்று போட வேண்டும். எழுத்தில் இருப்பதுதான் சரித்திரம் என்று பதினேழு வருஷம் தொண்டை வற்றக் கத்தினவள் நான். அம்மா இல்லை, அப்பா இல்லை. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. நாம் இரண்டு பேரும் செத்த பிறகு நம்மைப் பற்றி உலகத்தில் மிஞ்சப்போகிற ஒரே காகிதம் அந்த அலுவலகத்துக் கோப்பில் இருக்கப்போகிற இதுதான். அதில் இப்படியா இருக்க வேண்டும்?

உனக்குச் சோறு போகும். தெரிகிறது. எனக்கு மானம் போகும். அதுவும் தெரிகிறது. இதில் தியாகம் எதுவும் இல்லை, நான் நல்லவளாகவும் ஆகிவிடவில்லை. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். பொய்யை வாயால் சொல்ல முடிகிறது, எழுத முடியவில்லை.

கருவாட்டை எல்லம்மாளிடம் கொடுத்தது உண்மை. அதில் பாதியைச் சாயங்காலம் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

அதிகாரிக்கு வேறொன்று எழுதி இன்று காலை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். இனி நீ என்னைத் திட்டி எழுதினால் படித்துக்கொள்கிறேன்.

ஜெகதா


மகாபலிபுரம்
22-4-1975

அக்கா,

உன்னைப் போல் ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லை. வெண்ணெய் உருண்டைப் பாறையை இரண்டு கையாலும் தள்ளிவிட்டு உருளவில்லையே என்று வருத்தப்படுகிறவனைப் பார்த்திருக்கிறேன், அவன்கூட உனக்கு அடுத்தபடிதான். பதினெட்டு வருஷம் தம்பி இல்லாமல் சௌக்கியமாக இருந்தாய். இன்னும் ஒரு வாரம் அப்படியே இருந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எனக்கு நீ வேண்டியிருந்த காலத்திலெல்லாம் வரவில்லை. நீ வேண்டாம் என்று நான் கெஞ்சின வாரத்தில் வந்து நிற்கிறாய். என் கல்யாணத்துக்கு வந்திருக்கலாம். கலா பிறந்தபோது வந்திருக்கலாம். அப்போதெல்லாம் வந்திருந்தால் ஒரு வேளைச் சோறு அதிகமாகச் செலவாகியிருக்கும், இப்போது வந்ததில் ஒரு வருஷத்துச் சோறு போய்விட்டது.

நேற்று விசாரணை. வரதன் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். செல்வராஜ் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். பாஸான மற்ற ஆறு பேரும் வெளியே ஜன்னலோரம் நின்றார்கள். நான் நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். உன் கடைசிக் கடிதம் எனக்கு அதுவரை வந்து சேரவில்லை, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் பார்த்தேன். அதிகாரி உறையைப் பிரித்தார். பிரித்துப் படித்தவர் என்னை ஒரு தடவை பார்த்தார், தாளைக் கிளார்க்கிடம் நீட்டினார்.

கிளார்க்குக்கு நல்ல கணீரென்ற குரல். எழுந்து நின்று படித்தான். ‘தணிகைவேல் என் உடன்பிறந்த தம்பி. எங்கள் தாய் தந்தையருக்கு நாங்கள் இருவர்தான். உறவு இல்லை என்று நான் கையெழுத்திட்டது பொய். அவரை எனக்குத் தெரியாது என்று பதினெட்டு வருஷமாகப் பலர் முன்னிலையில் நான் சொல்லி வந்ததும் பொய். அவர் விண்ணப்பத்தில் இல்லை என்று எழுதியது நான் சொல்லிக் கொடுத்துத்தான். தேர்வில் அவர் பெற்ற மதிப்பெண் அவருடைய அறிவுக்கு உரியது. அதில் நான் கூட்டிப் போட்டது எதுவும் இல்லை, குறைத்துப் போட்டது உண்டு’ என்று படித்துவிட்டு நிறுத்தினான்.

வரதன் பல்லைக் காட்டினான். ஜன்னலில் நின்றவர்கள் தலையை உள்ளே நீட்டினார்கள். ‘நீ என்னப்பா சொல்றே?’ என்று அதிகாரி கேட்டார். ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு மூன்று பாஷையில் பேசுகிறவன் நான். அங்கே ஒரு பாஷையும் வரவில்லை.

‘சார், எனக்கு ஒரு காது சரியா கேக்காது. இன்னொரு தபா படிக்கச் சொல்லுங்க’ என்றேன்.

அவர் தலையாட்டினார். கிளார்க் முதலிலிருந்து படித்தான், இந்தத் தடவை இன்னும் உரக்க. கடைசி வரி வரை கேட்டேன். அப்புறம் பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் ஏப்ரல் வரை வேலிக்குள் போக முடியாது. நாளைக் காலையில் மாமனாரோடு கட்டுமரத்தில் ஏறுகிறேன், குப்பத்துக்கு நல்ல வேடிக்கை. உன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் அடங்க ரொம்ப நாள் ஆகும். கண்ணகி விசாரித்ததாக எழுதச் சொல்கிறாள்.

எனக்கு இரண்டு காதும் நன்றாகத்தான் கேட்கிறது, அக்கா.

தணிகைவேலு